ஓய்வு நாளின் பயன்

மாரியில் நெல் விளைந்த வயலைக் கோடையில் ஆறவிடுவது யாழ்ப்பாணத்து உழவர் வழக்கம். மனிதர்க்கும் அத்தகைய ஆறுதல் இன்றியமையாதது. எனினும், ஓய்வு என்பது வாளா கிடத்தலன்று. ஊதியம் கருதாது, மனம் உவந்து ஒன்றில் ஈடுபடும்பொழுதே உள்ளம் இளைப்பாறுகின்றது.

இன்று குடாநாட்டுப் பிள்ளைகள் பலருக்குச் சனியும் ஞாயிறும் தனியார் வகுப்புக்களிலேயே கழிகின்றன. விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பது பெற்றோரின் அச்சம். அவ்வச்சம் பொருத்தமானதுதானா?

வாடைக் காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் குடாநாட்டு வானத்தை நோக்குவோர்க்கு ஒரு விடை கிடைக்கும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் நாளன்று நிகழும் பட்டப் போட்டி பெரும் புகழ் வாய்ந்தது. பட்டம் கட்டுவது எளிய காரியமன்று. மூங்கிலைச் சீவும்போது இரு பக்கமும் ஒத்த நிறையுடையனவாக அமைதல் வேண்டும். முச்சை எனப்படும் நூற்கட்டுச் சிறிது பிசகினாலும் பட்டம் தலைகீழாகக் குத்தும். மெல்லிய நாரை வில்லிற் கட்டிப் பட்டத்தில் ஏற்றினால், அந்த விண் காற்றிலே கூவும். நிறை, சமநிலை, ஒலி ஆகியவற்றைச் சிறுவன் தன் கையாலேயே கற்றுக்கொள்கின்றான்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி பலரும் அறிந்தது. அதில் ஆடுவோர் இருபத்திருவரே, ஏனையோர் பார்வையாளர். கிளித்தட்டோ எல்லார்க்கும் உரியது. நிலத்திற் கோடு கீறினால் களம் ஆயிற்று. கோட்டுக்கு ஒருவர் மறித்து நிற்பர்; நடுக்கோட்டிலே கிளி ஓடித் திரியும். தொடுகைக்கு அகப்படாது தட்டுக்கள் யாவற்றையும் கடந்து மீளவேண்டும். தோழன் ஒருவன் காவலனின் கவனத்தை ஈர்க்கும் கணத்திலேயே மற்றவனுக்கு வழி பிறக்கும். கூடி வாழும் பண்பை இதனினும் எளிதாகப் புகட்டும் பாடம் அரிது.

படிப்புக் கெடும் என்று அஞ்சுவோர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் வரலாற்றை நினைத்தல் நன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான அவர், 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து பொற்பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கை பெற்ற முதலாவது பொற்பதக்கம் அதுவே. அவரே அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாய்ந்த கால்கள் படிப்புக்குத் தடையாகவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்லப் போவதில்லை, வெல்லவேண்டும் என்பதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரத்தை எந்த வகுப்புக்கும் கொடாது அவர்களுக்கே விட்டுவிடுதல் போதும். ஊரில் ஒரு வெளி இருக்கும். கோடு கீற ஒரு தடி இருக்கும். எஞ்சியதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வர்.