கன்னிச்சாமி இருக்கும் வீடு

கார்த்திகை பிறந்ததும் எத்தனையோ சிறுவர்கள் அப்பாவோடு சேர்ந்து முதல் முறையாக மாலை போட்டு, கன்னிச்சாமிகளாக சபரிமலைக்கு 41 நாள் விரதம் இருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரமும் அதுதான். அம்மாவுக்கு ஓயாத வேலை. அடைமழையில் கறுப்பு வேட்டி காயாது. ஃபேனுக்கு அடியில் கொடி கட்டி உலர்த்துவார். இழுத்து எழுப்பினாலும் எழாத பையன், விடியுமுன் தானே எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்துச் சரணம் சொல்கிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அந்த நாட்களில் அவனை யாரும் அதட்டுவதில்லை. "சாமி, சாப்பிட வாங்க" என்று பெற்ற தாயே அழைக்கிறார். அவனும் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். மாலையைக் கழற்றிய மறுநாளே நாம் பழையபடி "டேய்" என்று கத்தத் தொடங்கிவிடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.