பாட்டு இருக்கிறது, பாடநூல் எங்கே?



தாய்மொழி நாளில் தான்சானியாவின் இரண்டு மொழிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விக்டோரியா ஏரிக்குத் தெற்கே, முவான்சா, ஷின்யாங்கா வட்டாரங்களில் ஒலிப்பது சுகுமா. அதற்கும் தெற்கே, டபோராவைச் சுற்றி ஒலிப்பது நியாம்வெசி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்ற பாண்டு மொழிகள் இவை. சுகுமாவை மட்டும் பேசுவோர் 50 லட்சத்துக்கும் மேல்!

இவற்றுக்கு எழுத்தே இல்லையா? இருக்கிறது. ரோமன் எழுத்தில் கிறித்தவ சபைகள் எழுதின. 1960இல் சுகுமாவில் முழு விவிலியம் வந்தது. மதபோதகர் எட்மண்ட் டால் 1915இல் நியாம்வெசி அகராதி தந்தார். அவர் கண்ட ஒலிமாற்றத்தை மொழியியல் உலகம் இன்றும் 'டால் விதி' என்றே சொல்கிறது. 1985இல் தான்சானிய அறிஞர் ஹெர்மன் பாட்டிபோ சுகுமாவை ஆராய்ந்து நூல் எழுதினார். 1992இல் மொழியறிஞர்கள் மகாங்காவும் ஷாடபெர்கும் நியாம்வெசி இலக்கணம் வெளியிட்டார்கள்.

ஆனால் பாருங்கள்! அகராதியின் விளக்கம் ஜெர்மனில், ஆய்வு பிரெஞ்சில், இலக்கணம் ஆங்கிலத்தில். மொழியைப் பற்றி நூல் உண்டு. அந்த மொழி பேசும் குழந்தை படிக்கப் பாடநூல் எங்கே? தொடக்கப்பள்ளியில் சுவாஹிலி, உயர்நிலைப்பள்ளியில் ஆங்கிலம். வீட்டு மொழி பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது.

சுவாஹிலியை நான் குறை சொல்லவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட நாட்டை அதன் முதல் அதிபர் நைரேரே சுவாஹிலியைக் கொண்டுதான் ஒன்றாக்கினார். அது பெரும் சாதனை. அந்த ஒற்றுமை உறுதியாக நிற்கிறது. வீட்டு மொழிக்கு இடம் தந்தால் அது குலையாது.

எழுதுவதில் சிக்கலும் உண்டு. சுகுமாவில் உயிரொலிகள் ஏழு. ரோமன் உயிரெழுத்துகளோ ஐந்து. குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை மாற்றும். இதைத் தீர்க்க அறிஞர் மட்டும் போதாது; நாள்தோறும் எழுதும் கைகள் வேண்டும்.

அந்தக் கைகளுக்குச் சரக்கு குறைவில்லை, நண்பர்களே! அறுவடை முடிந்ததும் சுகுமா மக்களின் பகிகா, பகாலு என்ற இரு ஆட்டக் குழுக்கள் எதிரெதிரே நின்று போட்டியிடுகின்றன. கூட்டத்தை ஈர்க்கப் பாவலர்கள் புதுப் பாட்டுக் கட்டுகிறார்கள். அந்தப் பாட்டுகள் ஏட்டில் ஏறட்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளின் முதல் வாசிப்பு நூலாகட்டும்! அவர்கள் அந்த உரிமையைக் கேட்கும்போது, தாய்மொழியில் படித்து வளர்ந்த நாம் அவர்களுக்காகக் குரல் கொடுப்போம்.