நீல ஒளியும் நிருவாகத்தின் ஆணையும்

"இவ்வேலையை நிறுத்துக" என்று நிருவாகம் விடுத்த கட்டளையைப் பொருட்படுத்தாத பொறியியலாளர் ஒருவர், பின்னர் அதே வேலைக்காக நோபல் பரிசு பெற்றார். அவர் யப்பானிய நாட்டிலே பிறந்த சூஜி நாகாமுரா.

1979 இல், சிக்கொக்குத் தீவிலுள்ள நிச்சியா என்னும் கம்பனியில் அவர் சேர்ந்தார். ஒளிரும் இரசாயனப் பொடிகளைச் செய்து விற்பது அக்கம்பனியின் தொழில். பத்தாண்டளவாக அங்கே குறைகடத்திப் பளிங்குகளை வளர்த்தார். பொருள் நன்று, வாங்குவோர்தாம் குறைவு. பெரிய கம்பனிகள் சந்தையை முன்னரே பிடித்திருந்தன.

ஆகவே, அப்பெரிய கம்பனிகளும் செய்து முடிக்காத ஒன்றிலே கைவைக்க அவர் துணிந்தார். எல்.ஈ.டி. என வழங்கும் ஒளிகாலும் இருவாயிகளிலே சிவப்பு முன்னரே உண்டு. பிரகாசமான நீலம் இல்லை. நீலம் இன்றி வெள்ளொளி பெறுதல் அரிது. 1988 இல், தாபகராகிய நொபுவோ ஒகாவாவிடம் நேரே சென்று பணம் கேட்டார். முதியவர் இசைந்தார்.

அடுத்த ஆண்டு முதியவரின் மருமகன் தலைவரானார். அதன்பின்னரே நிறுத்தும்படி ஆணை பிறந்தது. நாகாமுராவோ காலையில் உலையின் குழாய்களை வெட்டியும் ஒட்டியும் மாற்றுவார். பிற்பகலிலே பளிங்கு வளர்ப்பார். சூடான தட்டிலிருந்து வாயு மேலெழுந்து விலகியதே இடையூறு. மேலிருந்து இன்னொரு வாயுவைச் செலுத்தி அதனை அமுக்கினார். கலியம் நைத்திரைட்டுப் பளிங்கு செவ்வையாய்ப் படிந்தது. நாகோயாவில் அக்கசாக்கி, அமானோ என்னும் இருவர் இத்துறையிலே முன்னரே வழி திறந்திருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. 1993 நவம்பரில் நிச்சியா நீல இருவாயியை அறிவித்தது.

அந்த ஆக்கவுரிமைக்காக அவர் கையிற் கிடைத்தது இருபதாயிரம் யென். 1999 இறுதியிலே கம்பனியை விட்டு அமெரிக்கா சென்றார். 2001 இல் வழக்குத் தொடுத்தார். 2004 இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கும்படி தீர்த்தது. மேன்முறையீட்டிலே, 2005 இல் ஏறக்குறைய 84 கோடி யென்னுக்கு இணக்கம் ஏற்பட்டது. அவருக்கு அதிலே மனநிறைவு இல்லை. கம்பனியின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை: முயற்சி தோற்றிருப்பின் நட்டம் கம்பனியுடையதே, அவருடைய மாதச் சம்பளம் குறைந்திராது.

2014 இல் அம்மூவருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாகாமுரா பழைய கம்பனியுடன் சமாதானமாக விரும்பி, தலைவரைச் சந்திக்கக் கேட்டார். கம்பனி அச்சந்திப்புக்கு இணங்கவில்லை.