கலவை வேறு, கலப்படம் வேறு!



"ஒப்பாரியையும் மேல்நாட்டு ராப்பையும் ஒண்ணாப் போட்டு அரைச்சா தமிழ்ப் பாட்டு கெட்டுப் போகாதா?" என்று எதிரணி நண்பர் பொரிந்து தள்ளிவிட்டுப் போனார். ஐயா, பாலில் தண்ணீர் ஊற்றினால் கலப்படம். சேனையும் வாழைக்காயும் முருங்கைக்காயும் சேர்ந்தால் நம்ம ஊர் அவியல்! அதிலே ஒவ்வொரு காயும் "நான் இங்கேதான் இருக்கேன்"னு தனியா ருசி சொல்லும். (சிரிப்பு, கைதட்டல்)

இளங்கோவடிகள் என்ன செய்தார்? கானல்வரி, வேட்டுவவரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக்குரவை என்று கடற்கரைப் பாட்டையும் வேடர் பாட்டையும் ஆயர் பாட்டையும் மலைப் பாட்டையும் ஒரே சிலப்பதிகாரத்துக்குள் சேர்த்தார். எது யாருடைய பாட்டு என்பதையும் மறைக்கவில்லை. அதை மட்டும் நினைவிலே வையுங்கள்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. பாடியவர்கள் தீயும் அறிவும். சினிமாப் பாட்டு இல்லை, கதாநாயகன் இல்லை. ஆனாலும் யூடியூபில் பத்துக் கோடிப் பார்வையைத் தாண்டி ஓடியது. நம்ம வீட்டுப் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். அந்தத் துள்ளலுக்குள்ளே இருப்பது என்ன தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய அறிவின் பாட்டி கதை!

1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதினார்கள். அப்படித் திரும்பியவர்களில் சில குடும்பங்கள்தான் நம்ம கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனார்கள். காகிதத்தில் வெறும் எண்ணாக இருந்தவர்கள், இந்தப் பாட்டிலேதான் பாட்டியாக, தாத்தாவாக வந்தார்கள். (கைதட்டல்)

"சோகத்தைக் குதித்துக்கொண்டா பாடுவது?" என்கிறார் நண்பர். அம்மன் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டதில்லையா? அநியாயமாகச் செத்தவர் கதையைத்தானே வில்லுமணி குலுங்க, குடம் அதிர, உடுக்கை முழங்கப் பாடுகிறோம்! நம்ம ஊர்த் தாய்மார்கள் அதைக் கேட்டு அழாமலா இருக்கிறார்கள்?

கெடுதல் மேளத்திலே இல்லை, வேறு இடத்திலே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் இன்னொரு பாடகரும் இருந்தார்கள். பாட்டை எழுதிய அறிவு இல்லை! இயக்குநர் பா. ரஞ்சித் கேட்டார், ஊரே கேட்டது. அதன் பிறகுதான் அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது.

நடுவர் அவர்களே, கிட்டார் சேரட்டும், பறை சேரட்டும், ராப்பும் சேரட்டும். தமிழ்ப் பாட்டு வளரும். ஆனால் விருந்தை ருசித்துவிட்டு, சமைத்தவர் பேரை விட்டுவிடாதீர்கள். பேரை மறைத்தால்தான் அது கலப்படம்!

(கைதட்டல்)