எக்கோ நார்மல்னா, இதயம் நார்மலா?

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுத்து வடிவில் தருகிறோம்.)

நான் கோயம்புத்தூர்ல எக்கோ டெக்னீஷியனா இருக்கேன். 11 வருஷமா இதே வேலைதான். ஒரு இருட்டு ரூம், ஒரு மெஷின், ஒரு ஜெல் பாட்டில். "இடது பக்கம் திரும்பிப் படுங்க, மூச்சை விட்டுட்டு அப்படியே பிடிங்க"ன்னு ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வேன். ஜெல்லைத் துடைக்கிறதுக்கு முன்னாடியே எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "எல்லாம் நார்மல்தானே?"

இன்னைக்கு அந்தக் கேள்வியைப் பத்திதான் பேசப்போறேன். அதுக்கு நான் சாதாரணமா சொன்ன ஒரு பதில், எங்க அப்பா விஷயத்துல பெரிய ஆபத்துல முடிய இருந்தது.

அப்பாவுக்கு அப்போ 61 வயசு. சுகர் உண்டு. நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போய் எக்கோ எடுத்தேன். இதயத் தசை நல்லா சுருங்கி விரியுது, வால்வுல கசிவு இல்ல. டாக்டரும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டார். "நார்மல்ப்பா"ன்னு சொன்னேன். அன்னைக்கு சாயங்காலம் தெருவுல பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் அந்த ரிப்போர்ட்டைப் பத்திப் பேசினார்.

மூணு மாசம் கழிச்சு, மருதமலை படி ஏறும்போது நெஞ்சை அழுத்துற மாதிரி இருந்திருக்கு. நின்னா சரியாயிடும், ஏறினா திரும்ப வரும். வீட்ல யார்கிட்டயும் சொல்லல. அம்மா கண்டுபிடிச்சுக் கேட்டப்போ, "கேஸா இருக்கும். பாப்பாவே எடுத்துப் பார்த்து நார்மல்னு சொல்லிட்டாளே"ன்னு சொல்லியிருக்கார். அம்மா எனக்கு ஃபோன் பண்ணினப்போ எனக்குக் கை நடுங்கிடுச்சு.

ஏன்னா நான் எடுத்த படம் தப்பு இல்ல. அந்தப் படம் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாது.

எக்கோ எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா இது புரியும். 1953ல ஸ்வீடன்ல லண்ட் நகரத்துல, இங்கே எட்லர்னு ஒரு இதய மருத்துவர், ஹெல்முத் ஹெர்ட்ஸ்னு ஒரு இயற்பியலாளர். மால்மோ கப்பல் கட்டும் தளத்துல இரும்புல விரிசல் இருக்கான்னு சோதிக்கிற ஒரு அல்ட்ராசவுண்ட் கருவியைக் கடன் வாங்கி, அதை நெஞ்சுல வச்சுப் பார்த்தாங்க. எட்லருக்கு வேண்டியிருந்தது வால்வைப் பத்தின தகவல். இன்னைக்கும் எக்கோவோட பலம் அதுதான்: வால்வு, அறைகள், சுவர் எப்படி அசையுது, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுது.

ஆனா இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரி குழாய்கள் மூணு, நாலு மில்லிமீட்டர் அகலம்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் குதிச்சுக்கிட்டே இருக்கும். உள்ளே அடைப்பு இருக்கான்னு சாதாரண எக்கோவுல பார்க்க முடியாது.

"சரி, அடைப்பு இருந்தா தசை பலவீனமாத் தெரியணுமே?" நியாயமான கேள்வி. உங்க அபார்ட்மென்ட்டை நினைச்சுப் பாருங்க. மெயின் பைப்ல பாதிக்கு மேல துரு அடைச்சிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே ஒரு குழாயைத் திறந்தா தண்ணி நல்லா வரும். காலையில ஏழு மணிக்கு எல்லா வீட்லயும் குளிக்கும்போதுதான் மேல் மாடி வீட்டுக்கு வராது. எக்கோ எடுக்கும்போது நீங்க படுத்திருக்கீங்க. அது ராத்திரி ரெண்டு மணி. 70 சதவீதம் அடைச்சிருந்தாலும் படுத்திருக்கிற இதயத்துக்குத் தேவையான ரத்தம் போயிடலாம். இ.சி.ஜி.யும் அப்போ நார்மலா வரலாம்.

அதனாலதான் டிரெட்மில்ல நடக்க வச்சுப் பார்க்கிறாங்க. இதயத்தை வேகமாத் துடிக்க வச்சு எக்கோ எடுக்கிற ஸ்ட்ரெஸ் எக்கோவும் அதுக்குத்தான். அப்பா டிரெட்மில்ல நாலாவது நிமிஷத்தைத் தாண்டல. டாக்டரே நிறுத்திட்டார். ரெண்டு நாள்ல மணிக்கட்டு வழியா ஆஞ்சியோகிராம். இதயத்தோட முன்பக்கம் இறங்குற பெரிய குழாய்ல, ஆரம்பத்துலயே 90 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வச்சாங்க.

இந்த ஆஞ்சியோகிராம் பிறந்ததே ஒரு விபத்துல. 1958ல அமெரிக்காவுல கிளீவ்லாண்ட்ல மேசன் சோன்ஸ்னு ஒரு டாக்டர், மகாதமனியில சாயம் செலுத்தப் போனார். டியூபோட நுனி வழுக்கி வலது கரோனரி குழாய்க்குள்ள போய், சாயம் முழுக்க அங்க பாய்ஞ்சிடுச்சு. அப்படி நடந்தா ஆள் செத்துடுவார்னு அப்போ நம்பினாங்க. இதயம் சில நொடி நின்னுது. "இருமுங்க"ன்னு கத்தினார். நோயாளி இருமினார், துடிப்பு திரும்பிடுச்சு. கரோனரி குழாயை நேரடியாப் படம் எடுக்கலாம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஆஞ்சியோகிராமுக்கும் எல்லை உண்டு. ரத்தம் ஓடுற பாதை எவ்வளவு அகலம்னு காட்டும். குழாய்ச் சுவருக்குள்ள என்ன படிஞ்சிருக்குன்னு முழுசாக் காட்டாது. சி.டி. ஆஞ்சியோகிராம்ல சுவரும் ஓரளவு தெரியும். ஆனா அதுக்குக் கதிர்வீச்சு, அயோடின் சாயம், கிட்னி எப்படி இருக்குன்னு ஒரு ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. சும்மா ஆசைக்கு எடுக்கிற படம் இல்ல. கால்சியம் ஸ்கோர்ல 0 வந்தா நல்ல செய்திதான். ஆனா அது சுண்ணாம்பா இறுகின படிவை மட்டும்தான் எண்ணும். நம்ம வயசுல கொழுப்பு இன்னும் மெத்துனு இருக்கலாம், அது கணக்குல வராது.

இதைக் கேட்கிற நிறைய பேர் ஆஃபீஸ்ல கொடுக்கிற ஃபுல் பாடி செக்கப் பண்ணியிருப்பீங்க. அந்த ஃபைலைத் தூக்கிப் போடச் சொல்லல. ரிப்போர்ட் வாங்கும்போது டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்தப் படத்துல எது தெரியாது?" அப்புறம், ரிப்போர்ட் என்ன சொன்னாலும், நடந்தா வந்து நின்னா போற நெஞ்சு அழுத்தம், தாடை வலி, புதுசா வர்ற மூச்சுவாங்கல், இதையெல்லாம் மறைக்காதீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே அழுத்தம் வந்து விடாம இருந்தா, ரிப்போர்ட்டைத் தேட வேண்டாம். 108க்கு ஃபோன் பண்ணுங்க.

இப்போ என்கிட்ட யாராவது "எல்லாம் நார்மல்தானே?"ன்னு கேட்டா, "ரிசல்ட்டை டாக்டர் சொல்வார். ஆனா ரத்தக் குழாய் அடைப்பு இதுல தெரியாதுங்க. படி ஏறும்போது ஏதாவது செய்யுதா?"ன்னு திருப்பிக் கேட்பேன். அரை நிமிஷம்கூட ஆகாது. போன மாசம் ஒருத்தர் சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டே, "ஆமாம்மா, ஒரு வாரமா செய்யுது"ன்னார். அவரை அப்படியே டாக்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

அப்பா இப்பவும் மருதமலை ஏறுறார். ரெண்டு இடத்துல உக்காந்துதான் ஏறுவார். நெஞ்சுல லேசா ஏதாவது இருந்தாக்கூட எனக்கு முதல் ஃபோன் வந்துடும்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு ஃபோன் பண்ணும்போது, அப்பா அம்மாகிட்ட அந்தப் படி ஏறுற கேள்வியைக் கேட்டுப் பாருங்க.