குலுக்குச் சீட்டும் குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பங்குனியும் சித்திரையும் வந்துவிட்டால், பள்ளிப் பருவமெய்திய குழந்தையுள்ள இல்லங்களில் உறக்கம் குறைந்துவிடுகிறது. குழந்தையை எங்கே சேர்ப்பது என்னும் வினாவுக்கு விடை பெற்றோர் கையில் இல்லை. ஒரு குலுக்குச் சீட்டின் கையில் இருக்கிறது. கேந்திரிய வித்யாலயாவின் முதல் வகுப்புக்கு விண்ணப்பித்து, தேர்ந்தோர் பட்டியலிற் பெயர் காணாமல், காத்திருப்போர் பட்டியலை நாள்தோறும் திறந்து திறந்து பார்த்து ஏங்கும் பெற்றோர் நம்முள்ளும் உளர். அவர்பொருட்டே யாம் இன்று பேச எழுந்தோம்.

குலுக்குச் சீட்டு நம் நாட்டிற்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைப் பலரும் அறிவீர்கள். ஓலைகளிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது இன்னதென்றறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வோலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலேதான் ஏற்கவேண்டும். சூது புகாமைக்கு எத்துணை எச்சரிக்கை! ஆயின் அக்கல்வெட்டு வேறொன்றும் கூறுகின்றது. இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வயதும், வேத சாஸ்திரப் பயிற்சியும் உடையார் பெயரே குடத்தில் இடப்பெறும். குடம் நடுநிலை பிறழவில்லை. நிலமற்றவன் பெயரோ குடத்தை எட்டவேயில்லை. இக்காலக் குலுக்கலிலும் நாம் முதலிற் கவலைகொள்ள வேண்டிய இடம் இதுவே என்பது எமது அபிப்பிராயம். சீட்டு விழவில்லையே என்று அழுகின்ற தாயைக் காண்கிறோம். பெயரே உள்ளே புகாத குழந்தையின் தாய் அழுவதுமில்லை. அவளுக்கு இழந்தது இன்னதென்றே தெரியாது.

இனி, முறையைச் சிறிது விளக்குவோம். 1963 இல் தொடங்கப்பெற்ற கேந்திரிய வித்யாலயங்கள், இடமாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்காகவே ஏற்பட்டவை. ஆதலின் இடங்கள் வரிசைமுறையில் வழங்கப்படுகின்றன. மத்திய அரசு ஊழியரும் முன்னாள் படைவீரரும் முதலிடம். அடுத்து மத்திய அரசு நிறுவனத்தார். பின்னர் மாநில அரசு ஊழியர். அதன்பின் மாநில அரசு நிறுவனத்தார். வணிகரும் உழவரும் தொழிலாளருமாகிய ஏனையோர் கடைசி. இவ்வரிசைக்கு வெளியே, 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி முதல் வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்கள் நலிந்தோருக்கும் பின்தங்கியோருக்கும் தனியே குலுக்கப்படுகின்றன. பாராளுமன்ற உறுப்பினர் தம் சிபாரிசாற் பிள்ளைகளைச் சேர்ப்பிக்கும் உரிமை 2022 இல் நீக்கப்பட்டுவிட்டது. அவ்வாண்டு முதல் மார்ச்சு 31 ஆம் நாளில் 6 வயது நிரம்பியிருத்தலும் வேண்டும். ஒரு குழந்தைக்கு மூன்று பள்ளிகள் வரை குறிக்கலாம். ஒன்றை மட்டும் குறித்துவிட்டு ஊழை நோவோரும் உண்டு!

நம்மவர் பெரிதும் வழுக்கி விழுமிடம் சான்றிதழ். மாநில அரசு தந்த பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதுவே எங்கும் செல்லும் என்று நினைக்கின்றோம். மத்திய அரசுப் பள்ளிக்கு அது போதாது. மத்திய அரசுக்குரிய படிவத்தில் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைத் தனியே பெறல்வேண்டும். அதற்குரிய வருவாய் எல்லை ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய். அவ்வெல்லையைக் கணக்கிடுகையில் பெற்றோரின் சம்பளத்தையும் வேளாண்மை வருவாயையும் சேர்ப்பதில்லை. பதவி பற்றிய விதிகள் வேறு உள. எனினும் சம்பளத்தொகையை மட்டும் பார்த்து, 'நமக்குக் கிடையாது' என்று தாமே விலகிக்கொள்வோர் கேட்டுத் தெளிதல் நலம். பிறப்புச் சான்றிதழிலும் ஒரு குறை காண்கிறோம். மருத்துவமனையில் பிறப்பைப் பதிந்ததோடு நின்று, குழந்தையின் பெயரைச் சேர்க்காமலே விட்டிருப்பர். பெயரைப் பின்னர்ச் சேர்க்க விதி இடந்தருகிறது. ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஓடினால் ஆகுமா? சீட்டு விழுந்தும் பத்திரமின்மையால் இடம் அடுத்தவருக்குப் போவது, சீட்டு விழாமையினும் கொடிது.

காத்திருப்போர் பட்டியலுக்கு வருவோம். அது ஒரே வரிசையன்று, பிரிவுதோறும் ஒன்று. ஆகவே ஒரு பட்டியலில் 12 ஆவது நிற்கும் குழந்தைக்கு இடங்கிடைக்க, மற்றொன்றில் 3 ஆவது நிற்கும் குழந்தை வெளியே நிற்கலாம். அண்டை வீட்டார் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுதல் வீண். தேர்ந்தவர் வாராதபோதும் அவர் பத்திரம் தவறும்போதுமே பட்டியல் நகரும். இடமிருந்தால் இரண்டாம், மூன்றாம் பட்டியல்கள் வெளிவரும். இதில் நம் கையிலுள்ளதும் ஒன்றுண்டு. வேறு பள்ளியில் மனம் நிலைத்தவர் இங்குக் கிடைத்த இடத்தை உடனே விட்டுவிடுக. 'இருக்கட்டும், பார்ப்போம்' என்று ஈரிடத்தைப் பற்றியிருக்கும் ஒவ்வொரு நாளும், முகமறியாத ஒரு குழந்தை வாயிலில் நிற்கிறது.

'உள்ளே ஆள் இருக்கிறார், எண்ணை முன்னே தள்ளித் தருகிறோம்' என்று பணங்கேட்டு வருவோரைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. எப்படியும் சில குழந்தைகளுக்கு முறைப்படி இடங்கிடைக்கும். அவர் தந்த பணத்தைத் தரகன் வைத்துக்கொள்வான். கிடையாதவருக்குத் திருப்பித் தந்து நல்லவனாவான். அவன் வித்தை அவ்வளவே.

தனியார் பள்ளிகளிலும் அச்சட்டப்படி நூற்றுக்கு 25 இடங்களுண்டு; 2014 ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் சிறுபான்மையினர் பள்ளிகள் மட்டும் விலக்குப் பெற்றன. தமிழ்நாட்டில் மழலை வகுப்பிலேயே இச்சேர்க்கை நடைபெறும். ஆயினும் 2025 இல் மத்திய மாநில அரசுகளுக்கிடையே நிதி பற்றி எழுந்த பிணக்கினால், பள்ளி திறந்து பல திங்கள் கழிந்து அக்டோபரிலேதான் அது தொடங்கிற்று. அதுவரை கட்டணம் செலுத்த இயலாத ஏழைத் தந்தை என் செய்திருப்பான்?

ஆகையால் காத்திருக்குங்காலத்தில் குழந்தையை வீட்டில் வைத்திராதீர்கள். அருகிலுள்ள அரசுத் தொடக்கப்பள்ளியிற் சேர்த்துவிடுங்கள். அதைத் தோற்றவர் புகுமிடமென்று குழந்தையின் செவிபடப் பேசுதல் பெரும் பிழை. தமிழை முதன்மையாகக் கற்கும் பேறு அங்கேதான் உண்டு. கேந்திரிய வித்யாலயத்தில் பயிற்றுமொழி ஹிந்தியும் ஆங்கிலமும், தமிழோ கட்டாயப் பாடமன்று. 2022 இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அங்கே நடைபெறுகிறது. 6 ஆம் வகுப்பு முதல் 12 வரை மாநில அரசுப் பள்ளியிற் பயின்றார்க்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு ஏழரை 2020 முதல் ஒதுக்கப்பட்டுள்ளது. இவற்றையும் எண்ணிப்பார்த்தே விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்துங்கள்.

ஒரு தாயார் எம்மிடம், 'என் பிள்ளைக்கு ராசியில்லை' என்றார். அப்பிள்ளை அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. கணிப்பொறி அதன் முகத்தைக் கண்டதுமில்லை, அறிவை அளந்ததுமில்லை. இடம் நாற்பது, கேட்பவர் நானூறு என்றால், மீதி முந்நூற்றறுபது பேரும் ராசியற்றவரா?

வரும் தை மாதத்திலேயே குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், வகுப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்று ஆகியவற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கூலிவேலையாலும் எழுத்தறியாமையாலும் இக்கூட்டத்திற்கு வரவியலாத நம்மவர் வீடுகளுக்கு, இங்கிருக்கும் இளைஞர் தெருவுக்கு இருவராகச் சென்று அவர்தம் பத்திரங்களையும் பார்த்துவரல் வேண்டும். பெயர் தர விரும்புவோர்க்காக வாயிலருகே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். சான்றிதழ்களைக் கையோடு கொணர்ந்தவர் கூட்டம் கலைந்தபின் சற்றே தங்கினால், இன்றே பார்த்துச் சொல்லுகிறோம்.