ஒருக்களித்துத் துயில ஒரு மெத்தை

சித்தன்னவாசல் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது தாமரைக் குளத்து ஓவியம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறக்குறைய 10 மைல் தொலைவிலுள்ள அந்தக் குன்றிலேயே ஏழடிப்பட்டம் என்னும் குகை ஒன்றும் உண்டு. அங்கே பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய 17 படுக்கைகளை இன்றும் காணலாம். அவற்றின் தலைப்பக்கம் சற்றே உயர்ந்து தலையணை போல் அமைந்திருக்கிறது. அவற்றுள் பெரிய படுக்கையை ஒட்டி மிகப் பழைய தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எருமை நாட்டில் பிறந்த காவுடி என்பவருக்கு இளையர் என்பவர் செய்தளித்த இருக்கை இது என்று அறிஞர் அதற்குப் பொருள் காண்பர். எனக்கு வியப்பளிப்பது அந்தக் கல் தலையணைதான். உடற்சுகம் அனைத்தையும் துறந்த சமண முனிவருக்கும் கழுத்துக்கு ஒரு தாங்கல் வேண்டியிருந்தது!

கல்லின்மேல் மல்லாந்து படுத்தால், முதுகு முழுவதும் உடலின் எடையைப் பகிர்ந்துகொள்ளும். ஒருக்களித்துப் படுத்தாலோ, எடையின் பெரும்பகுதி தோள்முனையிலும் இடுப்பெலும்பின் புடைப்பிலுமே விழும். எடை மாறவில்லை, தாங்கும் பரப்புத்தான் சுருங்கிவிட்டது. எனவே அழுத்தம் பன்மடங்காகிறது. இது பள்ளியில் நீங்கள் படித்த பௌதிகமே. தோலில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் அழுத்தத்தை 1930-ஆம் ஆண்டில் லாண்டிஸ் என்னும் அறிஞர் அளந்து, குழாய் தொடங்குமிடத்தில் அது சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரச அளவு என்று கண்டார். புறத்தழுத்தம் அதை மிஞ்சி நீடித்தால் அவ்விடத்துக் குருதியோட்டம் தடைப்படும். நாம் உறக்கத்திலும் அறியாமலே புரண்டு படுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புரள முடியாத நோயாளிக்குப் படுக்கைப் புண் வருவதும் இதனால்தான்.

மல்லாந்தே படுத்துக்கொள்ளலாமே என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எல்லோராலும் அது இயலாது. நிறைமாதக் கர்ப்பிணிகளை ஒருக்களித்துப் படுக்குமாறே மருத்துவர் கூறுகின்றனர். குறட்டையால் துன்புறுவோருக்கும் அதுவே நல்லது. முதுகு கூனிய முதியவர்க்கோ வேறு வழியே இல்லை.

ஆலங்குடியில் வாழும் என் அத்தை அத்தகையவர். வயது எழுபதைக் கடந்தவர். இரவில் மும்முறை எழுந்து உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வார். “விடியறப்போ கை மரக்கட்டையாக் கெடக்கு, தம்பி” என்பார். அவருடைய இலவம்பஞ்சு மெத்தை திருமணச் சீராக வந்தது. புதியதாய் இருந்தபோது அது பூவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பஞ்சுக்கு நசுங்கத் தெரியுமேயன்றி மீண்டு எழத் தெரியாது. நாளடைவில் அது கட்டிதட்டி, தோள் படும் இடத்தில் பள்ளமும் அதன் ஓரத்தில் மேடுமாக ஆகிவிட்டது.

பல பொருள்களால் மெத்தை அமைப்பது நமக்குப் புதிதன்று. அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் ஆகிய ஐந்தாலும் ஆன படுக்கையைப் பஞ்சசயனம் என்று நம் முன்னோர் வழங்கினர். அன்னத்தூவிக்கு நான் எங்கே போவது? கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்ப் பாலை நாடினேன்.

ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக்கு உரியது. 1876-இல் விக்காம் என்னும் ஆங்கிலேயர் அதன் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். அங்கு முளைத்த கன்றுகளே இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. பட்டையைக் கீறினால் வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அம்மோனியா சேர்த்துக் கெடாமற்காத்து, சுழற்றிச் செறிவாக்குவர். இதனையே அங்காடியில் லேடெக்ஸ் என்கிறார்கள். அதை முட்டையின் வெண்கருவைப் போல நுரை பொங்க அடித்து, அச்சில் வார்த்து, கந்தகத்தின் துணையால் நீராவியில் பதப்படுத்தும் முறையை 1929-இல் டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கண்டனர். அச்சிலுள்ள ஊசிகள் நிற்கும் இடமே மெத்தையில் துளைகளாகத் தெரிகிறது. அத்துளைகள் உள்வரை வெப்பத்தைக் கொண்டுசெல்வதற்காக ஏற்பட்டவை. காற்றோட்டத்துக்கும் உதவுவது நமக்கு இலாபம்.

நுரையில் ரப்பரின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கடினமாகவோ மென்மையாகவோ ஏடுகள் செய்யலாம். கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியானால், ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டு அங்குலத் தடிப்புள்ள ஏடு எவ்வளவு நிறுக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 7 கிலோ வரும். வாங்கும்போது தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. வேதிப்பொருளால் ஆன மலிவான நுரைப் பஞ்சு பெரும்பாலும் இதனினும் மிக இலேசாக இருக்கும்.

மெத்தை முழுவதையும் லேடெக்ஸாலேயே செய்ய வேண்டுமென்பது கடைக்காரர் கொள்கை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடித்தளத்தின் வேலை தாங்குவது மட்டுமே. தென்னை நாரில் ரப்பர்ப் பாலைத் தெளித்து அழுத்திய பலகை அதற்குப் போதும், விலையும் குறைவு. ஆலங்குடிப் பகுதித் தோப்புகள் பல 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்தன. இன்று அங்கு மீண்டும் தென்னை வளர்ப்போர்க்கு நாரும் ஒரு வருவாயாகுமே என்பது என் ஆசை. ஆகவே அடியில் நான்கு அங்குல நார்த்தளம். அதன்மேல் இரண்டு அங்குல நடுத்தர ஏடு. மேலே இரண்டு அங்குல மென்மையான ஏடு. தோள் முதலில் மெல்லேட்டில் அமிழும்; அது போதிய அளவு நசுங்கியபின் நடுவேடு ஏற்றுக்கொள்ளும். வரிசையை மாற்றிக் கடினத்தை மேலே வைத்தால், மெல்லேடு அடியில் இருந்தும் தோளுக்குப் பயன் சிறிதே.

சரிபார்க்கும் முறை எளிது. அத்தையை ஒருக்களித்துப் படுக்கச் செய்து, முதுகெலும்பின் முடிச்சுகள்மேல் மஞ்சளால் சிறு பொட்டுகள் வைத்தோம். கழுத்திலிருந்து இடுப்புவரை கொத்தனார் நூலைப் பிடித்துப் பார்த்தோம். கூனல் முன்னோக்கியது, நாம் பார்ப்பது மேல்கீழ் வளைவை. பொட்டுகள் தோளருகில் நூலுக்கு மேலே ஏறியிருந்தன. நடுவேட்டில் தோள் படும் ஒன்றரை அடியைக் கூரிய கத்தியால் அறுத்தெடுத்து, அங்கே மென்மையான துண்டைப் பொருத்தினோம். ஒட்டவும் வேண்டியதில்லை, உறையே பிடித்துக்கொள்ளும். பிறகு பொட்டுகள் நூலோடு ஒத்தன. தோள் அமிழ்ந்துவிட்டதால், இரு தலையணை வைத்திருந்தவருக்கு ஒன்றே போதுமானது. படுக்கை மெத்தென்று ஆக ஆகத் தலையணையின் உயரம் குறைய வேண்டும். இதைப் பலர் எண்ணுவதில்லை. முழங்கால்களுக்கிடையே ஒரு சிறு தலையணை வைத்ததும் இடுப்பு முறுக்கிக்கொள்வது நின்றது.

இரண்டாம் வாரத்தில் அத்தை இரவில் எழுவது ஒருமுறையாகக் குறைந்தது. கை மரத்துப்போவதும் நின்றது. முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு மெத்தை மருந்தாகாது. படுக்கையைத் திருத்திய பின்னும் கை மரத்தால், மருத்துவரிடம் காட்டுவதே முறை. அது நரம்பின் கோளாறாகவும் இருக்கலாம்.

உறை இளக்கமான பருத்தித் துணியாக இருக்கட்டும். இறுகத் தைத்த உறையோ, மேலே விரித்த கோரைப்பாயோ முரசின் தோல்போல் விறைத்து, அடியிலுள்ள மென்மையைத் தோளுக்கு எட்டவிடாது. பஞ்சு மெத்தையை வெயிலில் உலர்த்தும் நம் வழக்கம் இதற்குக் கூடாது. வெயில் பட்டால் ரப்பர் மஞ்சளித்து உதிரும். நிழலில், காற்றில் நிறுத்திவைத்தால் போதும். இடைவெளி விட்டுப் பலகை அறைந்த கட்டில் ஏற்றது. சில ஆண்டுகளில் முதலில் தளர்வது மேலேடுதான். அப்போது உறையைப் பிரித்து அந்த ஓர் ஏட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.